தண்டுவட நோய்கள்: நாய், ஆடு, மாடு, மனிதர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கால்நடை மருத்துவர். பெரும்பாலும் நாய், பூனைகளைப் பார்க்கிறேன். பின்னங்கால்கள் விழுந்துபோன நாயைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பதில் பாதி நாயைப் பற்றியது. மீதி, வீட்டில் கழுத்து எலும்புத் தேய்மானத்தோடு நடமாடும் அம்மாவையோ விபத்துக்குப் பின் படுக்கையில் இருக்கும் தம்பியையோ பற்றியது. ஒரே உறுப்பு, ஒரே வகைக் கேடு என்பதால் அவர்கள் சேர்த்துக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதியிருக்கிறேன். மனிதர்களைப் பற்றிய பதில்களை நரம்பியல் மருத்துவரான என் நண்பர் படித்துத் திருத்தினார்.

1. தண்டுவடமும் முதுகெலும்பும் ஒண்ணுதானே டாக்டர்?

இல்லை. முதுகெலும்பு என்பது முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண். அந்தத் தூணுக்குள் இருக்கும் குழாயில் மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புத் தண்டுதான் தண்டுவடம். வளர்ந்த மனிதரில் அது சுமார் 45 செ.மீ. நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ளது. எலும்பு முறிந்தும் தண்டுவடம் தப்பித்துவிடலாம். எலும்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் தண்டுவடம் நசுங்கியும் போகலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பலமுறை தேவைப்படும். மனிதரின் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் போல நரம்பு வேர்கள் மட்டுமே தொங்குகின்றன. நாய்க்கு இடுப்பு முள்ளெலும்புகள் ஏழு. தண்டுவடம் ஏறக்குறைய ஆறாவது வரை வருகிறது.

2. எங்க அப்பாவுக்கும் டிஸ்க்தான், நடமாடிக்கிட்டுதான் இருக்காரு. நாய்க்கு மட்டும் ஏன் ஒரே ராத்திரில ரெண்டு காலும் போச்சு?

டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை. உங்கள் அப்பாவுக்குப் பிதுங்கியது அநேகமாக நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளின் அருகிலுள்ள டிஸ்க்காக இருக்கும். முதல் பதிலில் சொன்னபடி அங்கே தண்டுவடமே கிடையாது. நரம்பு வேர்தான் அழுந்துகிறது. ஆகவே பிட்டத்திலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் வலி வருகிறது, ஆனால் கால்கள் விழுவதில்லை. நாய்க்கு அதிகமாக டிஸ்க் பிதுங்கும் இடம் மார்பும் இடுப்பும் சேரும் பகுதி, அதாவது கடைசி இரண்டு விலா முள்ளெலும்புகளையும் முதல் இடுப்பு முள்ளெலும்பையும் ஒட்டிய டிஸ்க்குகள். அங்கே குழாய் குறுகல். அதை முழுவதும் தண்டுவடமே நிறைத்திருக்கிறது.

டிஸ்க்கின் தன்மையும் வேறு. நல்ல டிஸ்க்கின் நடுப்பகுதி நுங்கு போல வழவழப்பாக இருக்கும். டாக்ஸ்ஹண்ட், பீகிள், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களில் அந்த நுங்கு ஒரு வயது முடிவதற்குள்ளேயே வறண்டு சுண்ணாம்பேறத் தொடங்கிவிடுகிறது. சோபாவிலிருந்து குதிக்கும் ஒரு நொடியில் மேல் வளையம் கிழிந்து அந்தச் சுண்ணாம்பு தண்டுவடத்தின் மீது பீய்ச்சி அடிக்கிறது. இந்த இனங்களின் குட்டைக் கால்களுக்கும் டிஸ்க் கெடுவதற்கும் காரணமான மரபணுப் பிரதி ஒன்று 2017-ல் கண்டறியப்பட்டது. அழகுக்காகக் காலைக் குட்டையாக்கி வளர்த்ததற்கான விலையை டிஸ்க் கொடுக்கிறது என்பது என் எண்ணம்.

3. எக்ஸ்-ரே எடுக்காமலே இது தண்டுவடம்தான், இந்த இடத்துலதான்னு எப்படிச் சொல்றீங்க?

தண்டுவடத்தை நீளவாக்கில் நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறோம்: மேல் கழுத்து, முன்னங்கால்களுக்கு நரம்பு புறப்படும் கீழ்க் கழுத்து, மார்பு முதல் இடுப்பின் நடுவரை, பின்னங்கால்களுக்கு நரம்பு புறப்படும் அடி இடுப்பு. நான்கு கால்களும் தள்ளாடினால் கேடு கழுத்தில். முன்னங்கால்கள் நன்றாக இருந்து பின்னங்கால்கள் மட்டும் கெட்டிருந்தால் மூன்றாவதிலோ நான்காவதிலோ. முழங்காலில் சுத்தியால் தட்டும்போது கால் துள்ளி உதைத்தால் மூன்றாவது. துவண்டு கிடந்தால் நான்காவது.

பாதத்தைப் புறங்கை தரையில் படும்படி மடித்து வைத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் எளிய சோதனை. நல்ல நாய் மறுநொடியே திருப்பி வைத்துக்கொள்ளும். தண்டுவடம் கெட்ட நாய்க்குத் தன் பாதம் எப்படிக் கிடக்கிறது என்பதே தெரியாது, அப்படியே நின்றுகொண்டிருக்கும். பிறகு முதுகுத் தோலை இருபுறமும் கீழிருந்து மேலாகக் கிள்ளிக்கொண்டே வந்தால், ஈ உட்கார்ந்ததும் மாடு தோலைச் சிலிர்ப்பது போன்ற அசைவு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதற்குச் சற்று மேலே கோளாறு இருக்கும். மனிதரிடமும் இதே வேலைதான், குண்டூசியும் பஞ்சும் சுத்தியும் கொண்டு நடக்கிறது. அங்கே நோயாளி வாயால் சொல்லிவிடுவார் என்பது ஒரு சௌகரியம்.

4. விரலைக் கிள்ளினா காலை இழுத்துக்குதே. அப்ப உணர்ச்சி இருக்குன்னுதானே அர்த்தம்?

இந்தப் பக்கத்தை நான் எழுதத் தொடங்கியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். காலை இழுத்துக்கொள்வது அனிச்சைச் செயல். விரலில் பட்ட செய்தி அடி இடுப்புத் தண்டுவடம் வரை போய், அங்கிருந்தே ‘இழு’ என்ற கட்டளையாகத் திரும்பிவிடுகிறது. மூளைக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மேலே தண்டுவடம் முழுவதும் அறுந்துபோன நாயும் காலை நன்றாகவே இழுக்கும்.

நாங்கள் பார்ப்பது ஆழ்ந்த வலி உணர்வை. பின்னங்கால் விரலின் எலும்பின் மேல், தோலில் அல்ல, கவ்விக் கத்தரியால் அழுத்திக்கொண்டே நாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். தலை திரும்ப வேண்டும். அல்லது கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும், குறைந்தபட்சம் கண் விரிய வேண்டும். கால் மட்டும் இழுபட்டு, நாய் உங்கள் கையிலிருக்கும் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் வலி மூளைக்குப் போகவில்லை. அந்தச் சமயத்தில் அறையிலிருக்கும் வீட்டார் “பாருங்க, காலை இழுக்குது” என்று மகிழ்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நான் அப்போது காலைப் பார்ப்பதில்லை என்பதை அவர்களுக்குச் சொல்வது எளிதல்ல.

ஆழ்ந்த வலி உணர்வைச் சுமக்கும் நரம்பிழைகள் மெல்லியவை, தண்டுவடம் முழுவதும் பரவியிருப்பவை. கடைசியாகத்தான் அவை போகும். ஆகவே அதுவும் போய்விட்டது என்றால் சேதம் மிக ஆழமானது. மனிதரில் இதற்கு இணையான சோதனை மலவாயைச் சுற்றி நடக்கிறது. விபத்தில் அடிபட்டவரை மருத்துவர் அங்கே விரல் வைத்துச் சோதிப்பதைக் கண்டு உறவினர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் தண்டுவடத்தின் கடைசி நுனிக்கு உரிய உணர்வு அங்கேதான் இருக்கிறது. அங்கே உணர்வும் அசைவும் அறவே இல்லையென்றால் ‘ஏ’ என்றும், எல்லாம் இயல்பாக இருந்தால் ‘இ’ என்றும், இடைப்பட்டவற்றுக்கு மூன்று படிகளுமாக உலகெங்கும் ஒரே அளவுகோலால் பதிவு செய்கிறார்கள்.

5. எக்ஸ்-ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் எதுக்கு எம்.ஆர்.ஐ.?

எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. முறிவு, எலும்பை அரிக்கும் கட்டி, டிஸ்க் இடுக்கின் தொற்று ஆகியவற்றைப் பிடிக்க அது போதும். டிஸ்க் பிதுக்கமா, ரத்தக் கசிவா, வீக்கமா, ரத்த ஓட்டம் நின்றுபோனதா என்பதை அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும். நாய் அசையாமல் படுக்காது என்பதால் முழு மயக்கம் கொடுத்தே எடுக்க வேண்டியிருக்கிறது. செலவு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். எம்.ஆர்.ஐ. கிடைக்காத ஊரில் சி.டி. ஸ்கேனும், தண்டுவடத்தைச் சுற்றிய நீரில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் மைலோகிராமும் கைகொடுக்கும். சுண்ணாம்பேறிய டிஸ்க் சி.டி.யில் வெள்ளையாகத் தெளிவாகவே தெரியும்.

ஸ்கேன் படம் மூன்றாவது பதிலில் சொன்ன சோதனைக்கு மாற்று அல்ல. நடுத்தர வயதைக் கடந்த யாரை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ஏதாவதொரு டிஸ்க் பிதுங்கியிருக்கும். கைவிரலால் தேடிக் கண்ட இடமும் படத்தில் தெரியும் இடமும் ஒத்துப்போனால்தான் அது நோய்க்குக் காரணம்.

6. விளையாடும்போது ஒரு கத்து கத்துச்சு, விழுந்துச்சு. அப்புறம் வலியே இல்லை, ஒரு பக்கக் கால் மட்டும் வரலை. இதுவும் டிஸ்க்கா?

அநேகமாக இல்லை. டிஸ்க்கின் குருத்தெலும்புத் துணுக்கு ஒன்று தண்டுவடத்தின் ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும் நோய் இப்படித்தான் வரும்: ஓடும்போது திடீரென்று, ஒருபுறமாக, முதல் சில நிமிடங்களுக்குப் பின் வலியின்றி. ஒரு நாளுக்கு மேல் மோசமாகிக்கொண்டே போகாது. மூளையில் வரும் பக்கவாதத்தைத் தண்டுவடத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறுவைக்கு இங்கே வேலையில்லை, பிசியோதெரபியே சிகிச்சை. வலி உணர்வு உள்ள நாய்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் நடந்துவிடுகின்றன.

7. எங்க ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வயசு பத்து. பின்னங்கால் நகம் தேய்ஞ்சு ரத்தம் வருது. வயசானா அப்படித்தானே?

முதுமை மட்டும் நகத்தை இப்படித் தேய்க்காது. மொசைக் தரையில் நாய் நடந்துவரும்போது ‘சர்ர்’ என்று நகம் உரசும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். நடுவிரல்கள் இரண்டின் நகங்கள் மட்டும் மேற்புறம் தேய்ந்திருந்தால் நாய் பாதத்தை முழுவதும் தூக்காமல் இழுக்கிறது என்று பொருள். வலி இல்லை, மாதக்கணக்கில் மெல்லக் கூடிக்கொண்டே போகிறது, வயது எட்டைத் தாண்டிவிட்டது என்றால் தண்டுவடச் சிதைவு நோயை நினைக்க வேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறும் இதே இனத்தில் அதிகம். ஆனால் அதில் வலி இருக்கும், பாதத்தை மடித்து வைத்தால் நாய் திருப்பிக்கொள்ளும்.

இந்த நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் 2009-ல் கண்டறியப்பட்டபோது நரம்பியல் உலகமே திரும்பிப் பார்த்தது. மனிதரில் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோயின் பரம்பரை வகை ஒன்றுக்குக் காரணம் என்று 1993-ல் அறியப்பட்ட எஸ்.ஓ.டி.1 என்ற அதே மரபணுதான் அது. அந்த மரபணு கெட்ட மனித நோயாளிகளுக்காக டோஃபெர்சன் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி அளித்தது. நாய்க்கு இன்று நம்மிடம் இருப்பது தினசரி நடைப்பயிற்சி, பாத உறை, வழுக்காத தரை ஆகியவையே. பயிற்சி கொடுக்கப்படும் நாய்கள் கூடுதல் காலம் நடமாடுகின்றன.

8. ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு போட்டுட்டா சரியாகிடுமே? போன தடவை அப்படித்தான் ஆச்சு.

போன தடவை வலி மட்டும் இருந்திருக்கும், ஓய்விலேயே ஆறியிருக்கும். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டீராய்டு என்பது பழைய நம்பிக்கை. அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் மெத்தில்பிரெட்னிசோலோனை மிக அதிக அளவில் கொடுத்தால் பலன் உண்டு என்று 1990-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. உலகமே அதைப் பின்பற்றியது. பிறகு தொற்றும் குடல் ரத்தக் கசிவும் கூடுவது தெரியவந்து, 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் அதைக் கொடுக்க வேண்டாம் என்றது. வலி உணர்வை இழந்த நாய்களிடம் முறையாக நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்விலும் அந்த மருந்தால் பலன் இல்லை.

தண்டுவடமே அழற்சியுற்ற நோய்களிலும் சில கட்டிகளிலும் ஸ்டீராய்டுக்கு உரிய இடம் உண்டு. ஆகவே அது கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் போடுவதுதான் தவறு. ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பதோ அதைவிடக் கேடு. நாயின் இரைப்பையிலும் குடலிலும் புண் வந்து ஓட்டை விழுந்துவிடும். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும்.

9. ஆபரேஷன் கட்டாயமா? கூண்டுல போட்டு வெச்சாலே நடந்துடும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

பக்கத்து வீட்டார் சொல்வது சில நாய்களுக்கு உண்மை. தள்ளாடினாலும் நடக்கிற நாய்களில் நூற்றுக்குச் சுமார் 80, குறைந்தது நான்கு வாரக் கூண்டு ஓய்வில் தேறிவிடுகின்றன. கூண்டு என்றால் கூண்டுதான். ‘வீட்டுக்குள்ளேதான் சுத்துது’ என்பது ஓய்வு அல்ல. கால்கள் முழுவதும் விழுந்து, ஆனால் வலி உணர்வு இருக்கும் நாய்களில் அறுவை செய்தால் 90-க்கு மேல் நடக்கின்றன. ஓய்வு மட்டும் என்றால் ஏறக்குறைய 60.

நான்காவது பதிலில் சொன்ன வலி உணர்வும் போய்விட்டால் கணக்கு மாறிவிடுகிறது. அறுவை செய்தால் ஏறக்குறைய 60, செய்யாவிட்டால் சுமார் 20. இந்த வகை நாய்களில் பத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவற்றில் தண்டுவடம் காயம்பட்ட இடத்திலிருந்து மேலும் கீழுமாகக் கூழாகிக்கொண்டே போகும். முதுகுத் தோல் சிலிர்க்கும் எல்லை நாளுக்கு நாள் மேலே ஏறுவதும் மலவாய் தளர்வதும் அதன் அடையாளங்கள். இதற்குச் சிகிச்சை கிடையாது. மூச்சுத் தசைகளை அது எட்டுவதற்குள் நாயை நிம்மதியாக உறங்க வைத்துவிடுவதே முறை என்று வீட்டாரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

10. ரெண்டு மாசமா ஆடு பின்பக்கம் தள்ளாடி விழுது. மூணு ஆட்டுக்கு வந்துடுச்சு. ஆட்டுக்குக்கூட டிஸ்க் பிதுங்குமா?

ஒரே மந்தையில் மூன்று என்றால் டிஸ்க் அல்ல. நம் நாட்டில் ‘கும்ரி’ என்று பெயர் பெற்ற நோயை நினைக்க வேண்டும். இலங்கையிலும் ஆடுகளுக்கு இது வருகிறது. மாட்டின் வயிற்றறையில் செட்டேரியா என்ற வெண்ணிற நூல்புழு வாழ்கிறது. யானைக்கால் புழுவுக்குத் தூரத்து உறவு. மாட்டுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கொசு அதன் இளம்புழுவை மாட்டிலிருந்து எடுத்து ஆட்டிலோ குதிரையிலோ விட்டுவிடும்போது, பழக்கமில்லாத உடலில் புழு வழி தவறித் தண்டுவடத்துக்குள் புகுந்து துளைத்துக்கொண்டு போகிறது. ஐவர்மெக்டின் புழுவைக் கொல்லும், துளைத்த பாதையை அடைக்காது. ஆகவே தள்ளாட்டம் தொடங்கியதும் கொடுத்தால்தான் பலன். மாட்டையும் ஆட்டையும் தனித்தனியே கட்டுவதும் மாலையில் புகை போடுவதும் மருந்தைவிட மலிவு. பிறந்த குட்டிகள் மட்டுமே தள்ளாடினால் தாய்க்குத் தாமிரச் சத்து குறைந்திருக்கலாம்.

11. கன்னு போட்ட பசு எழவே மாட்டேங்குது. முதுகு ஒடிஞ்சிருக்குமோ?

கன்று ஈன்று மூன்று நாளுக்குள் என்றால் முதலில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, அதாவது பால் காய்ச்சல். காது குளிர்ந்து, கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்திருக்கும். கால்சியம் மருந்தை நரம்பில் மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். பல மாடுகள் சற்று நேரத்தில் எழுந்துவிடுகின்றன. பெரிய கன்றை இழுத்து எடுத்திருந்தால் இடுப்புக்குள் நரம்பு நசுங்கியிருக்கலாம். எதுவானாலும் வைக்கோல் மெத்தையிட்டுச் சில மணிக்கொரு முறை புரட்டிப் போடுங்கள். ஒரே பக்கம் கிடந்தால், முதல் காரணம் சரியான பிறகும் தொடைத் தசை செத்துப் பசு எழாது.

12. தெருநாய் ஒண்ணு பின்னங்காலை இழுத்துக்கிட்டு வருது. தூக்கிட்டு வந்துடலாமா?

வெறுங்கையால் தூக்காதீர்கள். அடிபட்டிருக்கலாம், ஆனால் வெறிநோயும் பக்கவாதமாகவே வரும். அப்போது நாய் கடிக்க வராது, ஓடாது. தாடை தொங்கி எச்சில் வடியும், பின்பகுதி துவளும். தடுப்பூசி விவரம் தெரியாத எந்த விலங்கும் சில நாட்களில் கீழிருந்து மேலாகச் செயலிழந்து வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதை வெறிநோயாகவே கருதுவோம். மாட்டுக்கும் இது பொருந்தும். எச்சில் காயத்தில் பட்டிருந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

13. அம்மாவுக்கு வலியே இல்லை. ஆனா ரவிக்கை கொக்கி மாட்ட விரல் வரமாட்டேங்குது, நடையும் ஒரு மாதிரி. வயசான வாதம்தானே?

வலி இல்லை என்பதே இங்கே ஏமாற்றுகிறது. கழுத்தில் எலும்பும் டிஸ்க்கும் தேய்ந்து தண்டுவடத்தை நெருக்கும் நோய் இப்படித்தான் தொடங்கும்: கொக்கி, பொத்தான், பூத்தொடுத்தல், கையெழுத்து, பிறகு காலை அகட்டி வைத்து நடப்பது. விரலை நீட்டிக்கொண்டு கையை மடக்கித் திறக்கச் சொல்லுங்கள். பத்து நொடியில் இருபது முறை முடியவில்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இது பெரும்பாலும் படிப்படியாகக் கூடும்; தேய்ந்த பகுதியை விடுவிக்கும் அறுவை, கெடுதல் மேலும் கூடாமல் நிறுத்தும், இழந்ததை முழுதும் மீட்டுத் தராது. ஆகவே காத்திருப்பது நஷ்டம்.

அறுவைக்கு முன் வேறு இரண்டு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பி12 வைட்டமின் குறைந்தாலும் தண்டுவடத்தின் பின்புறம் கெட்டு இதே தள்ளாட்டம் வரும். சுத்த சைவம் உண்கிறவர்களிடமும் இரைப்பைக் கோளாறு உள்ளவர்களிடமும் அதிகம், ஊசியால் தீரக்கூடியது. மற்றொன்று, தண்ணீரில் ஃபுளோரைடு. எலும்பில் அது படிந்து படிந்து தண்டுவடக் குழாயையே குறுக்கிவிடும். இப்படிப்பட்ட எலும்பு நோயை 1937-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில்தான் மருத்துவர்கள் விவரித்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர் கொண்டுவரப்பட்டதற்கு இந்த ஃபுளோரைடே காரணம். அந்தப் பகுதிக் கால்நடைகளையும் அது விடுவதில்லை.

14. முதுகுல டிபி வருமா? அது நுரையீரல்லதானே வரும்?

வரும். 1779-ல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் கூனும் கால் செயலிழப்புமாக விவரித்த நோய் இதுதான். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் சந்தேகிக்க வேண்டும். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 1970-களில் தொடங்கிய ஆய்வு, நடக்க முடிகிற நோயாளிகளில் பெரும்பாலோர் படுக்கையும் அறுவையும் இன்றி மாத்திரையாலேயே குணமாவதைக் காட்டியது; இதில் நம் ஊருக்குப் பெருமைப்பட இடமுண்டு. மாத்திரையை ஏறக்குறைய ஓராண்டு விடாமல் சாப்பிட வேண்டும், அரசு இலவசமாகத் தருகிறது. தண்டுவடம் நெருக்கப்பட்டுக் கால் பலம் குறைந்துகொண்டே போனால் அறுவை தேவைப்படும்.

நாய்க்கும் டிஸ்க் இடுக்கில் தொற்று வரும். காரணம் வேறு பாக்டீரியாக்கள். அவற்றில் புருசெல்லா மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால், அதற்கான ரத்தப் பரிசோதனையை இந்தத் தொற்று உள்ள எல்லா நாய்க்கும் செய்துவிடுகிறோம்.

15. அடிபட்டவங்களை எப்படித் தூக்கணும்? ஆட்டோவுல போட்டுக்கிட்டு ஓடிட்டோமே!

கை இருவர், கால் இருவர் என்று பிடித்து நடுவில் தொங்கவிட்டால், பிசகிய எலும்பு தண்டுவடத்தை அந்த நிமிடத்தில் நசுக்கிவிடக்கூடும். தலை, தோள், இடுப்பு, கால் ஆகியவற்றை மூன்று நான்கு பேராகப் பிடித்து, உடலை உருளைக்கட்டை போல ஒரே வீச்சில் திருப்பிப் பலகையில் ஏற்ற வேண்டும். உயிருக்கு வேறு ஆபத்து இல்லையென்றால் 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள். நெருக்கத்தை 24 மணி நேரத்துக்குள் அறுவையால் விடுவித்தவர்கள் கூடுதலாகத் தேறியதை 2012-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. நாய்க்கு இஸ்திரிப் பலகையோ தடித்த அட்டையோ போதும். துணியால் நாயின் வாயைக் கட்டிவிடுங்கள், வலியில் வளர்த்தவரையே கடிக்கும்.

16. முன்னங்கால் ரெண்டும் கட்டை மாதிரி விறைச்சிருக்கு. கழுத்தும் போயிடுச்சா?

இல்லை. முன்னங்கால்களை அடக்கி வைக்கும் செய்தி இடுப்புத் தண்டுவடத்திலிருந்து மேலே போகிறது. நடுமுதுகில் கேடு வந்ததும் அது தடைபட்டு அவை விறைக்கின்றன. எழுப்பி நிறுத்தினால் அந்தக் கால்கள் சரியாகவே நடக்கும். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும், பிழைக்குமா நடக்குமா என்பதை இது தீர்மானிப்பதில்லை. நான்காவது பதிலில் உள்ள சோதனைதான் தீர்மானிக்கிறது.

17. படுக்கை எப்பவும் நனைஞ்சே இருக்கு. சிறுநீர் தானாப் போயிடுதுதானே, அது நல்லதுதானே?

நல்லதல்ல. நிரம்பிய குடத்தில் தண்ணீர் வழிவது போன்றது அது, பை காலியாவதில்லை. தேங்கிய சிறுநீரில் தொற்று வரும், பை விரிந்து தன் பலத்தை இழக்கும், சிறுநீரகம் கெடும். நாய்க்கு நாளைக்கு மூன்று நான்கு முறை கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். பின் வயிற்றில் இரு கைகளையும் தட்டையாக வைத்துத் துழாவினால் பழுத்த தக்காளி போல் உருண்டையாகத் தட்டுப்படும். விரல் நுனியால் குத்தாமல், உள்ளங்கையால் பின்புறமாக நிதானமாக அழுத்துங்கள். முதல் இரண்டு முறை வராது. மூன்றாம் நாள் வீட்டுப் பிள்ளைகளே பழகிவிடுகிறார்கள்.

மனிதருக்கு 4 முதல் 6 மணிக்கொரு முறை சுத்தமான டியூப் செலுத்தி எடுத்துவிடுவதே சிறந்த முறை. பலர் தாமே செய்துகொள்கிறார்கள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவதும் அதே அளவு முக்கியம். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-ல் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவுக்கு முன்பு தண்டுவடம் முறிந்தவர்கள் பெரும்பாலும் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலுமே இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து வேலூரில் அதற்கெனத் தனிப் பிரிவை உருவாக்கினார்.

ஓர் எச்சரிக்கை. மார்பின் ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே அடிபட்டவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது என்று பொருள். உடனே உட்காரவைத்து, டியூப் அடைத்திருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அது அவசரநிலை.

18. ஸ்டெம் செல் போட்டா நடக்கலாம்னு விளம்பரம் வருது. லட்சக்கணக்குல கேக்குறாங்க. போடலாமா?

வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் என்பது ஆராய்ச்சிக்குள் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்கிறார்கள் என்பதே உங்களுக்கான விடை.

நேர்மையான ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்பதற்கு நாய்களே சாட்சி. கேம்பிரிட்ஜில் 2012-ல், வீட்டு நாய்கள் 34-ஐ எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிக்கு அவற்றின் மூக்கிலிருந்து எடுத்த செல்களையும் மற்றவற்றுக்கு வெறும் திரவத்தையும் செலுத்தினார்கள். செல் பெற்றவற்றில் முன்னங்கால், பின்னங்கால் ஒத்திசைவு கூடியது. ஆனால் மூளையிலிருந்து இறங்கும் நீண்ட நரம்புகள் மீண்டும் இணைந்ததற்குச் சான்று இல்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள்.

19. உணர்ச்சியே வராதுன்னு சொன்னீங்க. நாலு மாசம் கழிச்சு எங்க நாய் எழுந்து நடக்குது! நீங்க சொன்னது தப்புதானே?

நடப்பது உண்மை, நான் சொன்னதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். நடைக்கான தாளம் மூளையில் அல்ல, இடுப்புத் தண்டுவடத்திலேயே இருக்கிறது என்பதை 1911-ல் கிரஹாம் பிரௌன் பூனைகளில் காட்டினார். மேலிருந்து கட்டளை வராவிட்டாலும், மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின் சில நாய்களின் பின்னங்கால்கள் அந்தத் தாளத்தில் தாமே அடியெடுத்து வைக்கும். நேராகப் போகும்போது நன்றாக இருக்கும். திரும்பும்போது பின்பகுதி சரிந்துவிடும். உங்களைக் கண்டு வால் ஆடுகிறதா என்று பாருங்கள். வால் சும்மா கிடந்து கால் மட்டும் நடந்தால் இது அந்த வகை நடை. மனித நடை மூளையை அதிகம் சார்ந்தது என்பதால் மனிதருக்கு இது தானாக வருவதில்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் 2018-ல் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பதித்துச் சிலரை நடக்க வைத்தவர்கள் தட்டி எழுப்பியதும் இடுப்பில் உறங்கும் இந்த நரம்புக் கூட்டத்தைத்தான்.

ஒன்றை மறக்காதீர்கள். இப்படி நடக்கும் நாய்க்குப் பாதத்தில் என்ன படுகிறது என்பது தெரியாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தரையில் நின்று பாதம் வெந்துபோனாலும் கத்தாது. விரல் இடுக்கில் முள் இருக்கிறதா, மேற்புறம் தோல் உரிந்திருக்கிறதா என்று தினமும் மாலையில் நீங்கள்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.